ஏற்றத்தில் பின்வாங்காத ஸ்டூடிபேக்கர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுடைய பிழைப்பு, காலையிலிருந்து சாயங்காலம் வரை தன் உயிரை ஒவ்வொருவர் கையிலாகக் கொடுத்துத் திரும்ப வாங்குகிற பிழைப்பு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைத் தரை தேயும்படி மிதித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மனைவிக்கோ மச்சினனுக்கோ ஒரு நாளாவது ஓட்டச் சொல்லிக்கொடுத்திருந்தால் நீங்களும் என் இனம்தான்.

திருவனந்தபுரத்தில், சாலை என்ற பெயருடைய கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தேன். ஸ்கூல் என்றால் ஒரு பலகை, ஒரு மேஜை, ஒரு ஸ்டூடிபேக்கர் சாம்பியன். அதற்கு முன் நான் ஒரு தேயிலைத் தோட்ட முதலாளியிடம் வேலை பார்த்தேன். அவருடைய பழைய டிரைவர் இந்த வண்டியில்தான் எனக்கு ஓட்டக் கற்றுத்தந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் முதலாளி வேறு கார் வாங்கியபோது இதை என்னிடமே தள்ளிவிட்டார். ஆக, நான் ஓட்டிய முதல் காரும் இதுதான், ஒரே காரும் இதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் மானம் போகிற இடத்தில் தேவைப்படும்.

இரண்டு பக்கமும் முகம்

எங்கள் ஊரில் வண்டி வாங்கினால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. நானும் கொண்டுபோய்க் கோயில் முன்னால் நிறுத்தினேன். ஸ்டூடிபேக்கரைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்னால் இஞ்சின் மூடி எவ்வளவு நீளமோ, பின்னால் டிக்கியும் கிட்டத்தட்ட அவ்வளவு நீளம். வருகிறதா போகிறதா என்று அமெரிக்காவிலேயே கேலி பேசினார்களாம்.

பூசாரி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, பயபக்தியோடு டிக்கியில் மூன்று கீற்று இழுத்து, பூ வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டார். "சாமி, முகம் அந்தப் பக்கம்" என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. சுற்றி வந்து முன்பக்கத்துக்கும் எல்லாவற்றையும் மறுபடி செய்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பக்கமும் தொட்டாச்சு. இனி எந்தப் பக்கம் ஓடினாலும் பகவான் முன்னால இருப்பார்."

மன்னிக்கிற கிளட்ச்

அந்த வண்டியில் ஸ்டார்ட் செய்கிற பொத்தான் கிளட்சுக்கு அடியில் இருந்தது. சாவியைத் திருப்பிவிட்டு, கிளட்சை அடிவரை மிதித்தால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். இதன் அருமை கற்றுக்கொள்கிறவனுக்குத்தான் தெரியும். நடுரோட்டில் இஞ்சின் அணைந்துபோனால் பதறிக்கொண்டு எதையும் தேட வேண்டாம். பயத்தில் கால் தானாகவே கிளட்சை அழுத்தும், வண்டியும் தானாகவே கிளம்பும்.

பிரபாகரன் நாயர் என்று ஒரு காலேஜ் வாத்தியார் என்னிடம் படித்தார். வாத்தியார் என்கிற அர்த்தத்தில் என்னை அவரும் 'மாஷ்' என்றுதான் கூப்பிடுவார். கிழக்கேகோட்டையில் பஸ்கள் எல்லாம் ஒன்றுகூடித் திரும்புகிற இடத்தில், ஒரே காலையில் நாலு தடவை இஞ்சினை அணைத்தார். நாலு தடவையும் வண்டி ஒன்றும் நடக்காத மாதிரி முனகிக்கொண்டு எழுந்தது. ஓரமாக நிறுத்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "என்ட பிள்ளேர் இத்தனை தப்பு செய்தா நான் கிளாஸுக்கு வெளியில நிறுத்துவேன் மாஷே. இது ஒரு வார்த்தை சொல்லலையே."

பலகையில் எழுதிய வரி

இந்த ஊரில் எங்கே போனாலும் ஒரு ஏற்றம், ஏறினால் ஒரு இறக்கம். கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஏற்றம்தான் எமன். நடு ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கும்போது வண்டி பின்னால் நழுவும். மற்ற ஸ்கூல்களில் படித்தவர்கள் இதில்தான் டெஸ்டில் விழுந்தார்கள். என்னிடம் படித்தவர்களில் ஒருவர்கூட நழுவவிட்டதில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் என் வண்டி ஏற்றத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்கும்.

ஏன் நிற்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. கார் என்றால் நிற்கும், நான் சொல்லிக்கொடுத்தால் எவனும் நிறுத்துவான் என்பதுதான் என் எண்ணம். தலைக்கனம் ஏறிப்போய் பெயிண்டரை அழைத்து, ஸ்கூல் பெயருக்குக் கீழே 'ஏற்றத்தில் பின்வாங்காத பயிற்சி' என்று ஒரு முழ எழுத்தில் எழுதச் சொன்னேன். அவன் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்: "இவ்வளவு பெரிசா வேணுமா அண்ணாச்சி? நாளைக்கு அழிக்கணும்னா பெயிண்ட் நிறைய ஆகும்."

பூட்டின தறவாடு

பிரபாகரன் நாயருக்கு லைசென்ஸ் கிடைத்தது, கார் வாங்கத்தான் வசதிப்படவில்லை. இருந்தாலும் லைப்ரரிக்குப் போகும் வழியில் ஷெட்டில் எட்டிப் பார்ப்பார். இந்த வண்டியின் ஜாதகத்தை அவர்தான் எனக்குப் படித்துச் சொன்னார். ஸ்டூடிபேக்கர் என்பது ஒரு குடும்பத்தின் பெயராம். இரும்பு அடிக்கிற சகோதரர்கள், குதிரை வண்டி செய்து விற்றவர்கள். அதில் ஒருவர் தங்கம் தோண்டப் போன இடத்தில், தோண்டாமல், தோண்டுகிறவர்களுக்குத் தள்ளுவண்டி செய்து கொடுத்துச் சம்பாதித்தாராம். கார் வந்த பிறகும் மனம் தளராமல் காருக்கு மாறினார்களாம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பட்டறையில் பிறந்த வண்டி, அதனால்தான் இப்படி உழைக்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஒருநாள் அவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். பழைய அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் படித்தாராம், கம்பெனி கார் செய்வதையே நிறுத்திவிட்டதாம். எனக்கு யாரோ சொந்தக்காரர் செத்த செய்தி மாதிரி இருந்தது. வண்டி வழக்கம்போல ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே வந்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, பூர்வீக வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல் அவர் சொன்னார்: "தறவாடு பூட்டியாச்சு மாஷே. இனி இதுக்கு நாம மாத்திரம்தான்."

பாகீரதி அம்மாளின் அவசரம்

அதற்குச் சில வருஷங்கள் கழித்து, ஸ்ரீவராகத்திலிருந்து பாகீரதி அம்மாள் வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடிசார் கட்டிய ஒருவர் டிரைவிங் சீட்டில் உட்கார்ந்ததை சாலை அதுவரை பார்த்ததில்லை. கணவர் வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீல், சொந்தமாக ஒரு பியட் கார். அவருக்குக் கண்ணில் ஏதோ கோளாறு, பக்கவாட்டில் வருவது தெரியாது. டாக்டர் இனி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். வக்கீல் கேட்கவில்லை. தினமும் தானே ஓட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். போனவர் வீடு திரும்பும் வரை இந்த அம்மாளுக்கு அடுப்பில் என்ன இருக்கிறது என்றே தெரியாதாம்.

டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்றேன். அதற்கு அவர் சொன்னது: "வேற யார் ஓட்டினாலும் உக்கார மாட்டாராம். நீ லைசென்ஸ் வாங்கிண்டு வா, சாவியைத் தரேங்கறார். என்னால முடியாதுன்னு நெனச்சுண்டுதான் சொல்றார்."

செல்லையாவின் லைசென்ஸ்

பாகீரதி அம்மாள் நன்றாகத்தான் கற்றுக்கொண்டார். டெஸ்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, சாலையில் அரிசி மண்டி வைத்திருந்த செல்லையா வந்தார். எங்கள் திருநெல்வேலிக்காரர், என்னிடம் படித்து, ஸ்டூடிபேக்கரிலேயே டெஸ்ட் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர். புது அம்பாசிடரை முதல்முதலாக வெளியே எடுத்திருக்கிறார். ஜகதி ஏற்றத்தில் நிறுத்தி, நான் சொல்லிக்கொடுத்தபடியே பிரேக்கிலிருந்து காலை எடுத்திருக்கிறார். வண்டி நேராகப் பின்னால் போய் ஒரு டீக்கடை பெஞ்சை உடைத்துவிட்டது. பெஞ்சில் ஆள் இல்லாதது எங்கள் இருவர் புண்ணியம்.

நீர் ஏதோ தப்பாக மிதித்திருப்பீர் என்று அவரைத் திட்டிவிட்டு, காட்டுகிறேன் வாரும் என்று அதே அம்பாசிடரில் அதே ஏற்றத்துக்குப் போனேன். நிறுத்தினேன். காலை எடுத்தேன். புதிதாக ஆணி அடித்த அதே பெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் எப்படியோ நிறுத்தினேன். எனக்கு வியர்த்துவிட்டது. பத்து வருஷம் ஊருக்கு ஏற்றம் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஏற்றத்தில் வண்டி எடுக்கத் தெரியாது. செல்லையா கோபப்படக்கூட இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார்: "அண்ணாச்சி, லைசென்ஸ் உங்க வண்டிக்குல்லா குடுத்திருக்காவ. எனக்கா குடுத்திருக்காவ?"

ஒரு சின்னக் குண்டு

என் வண்டிக்கு மெக்கானிக் தங்கப்பன் மேஸ்திரி. கம்பெனி மூடிய பிறகு ஸ்பேர் பார்ட்ஸ் என்ற பேச்சே இல்லை. லாரியில் கழற்றியது, லேத்தில் கடைந்தது என்று எதையாவது மாட்டி ஓடவைப்பார், அதுவும் முகம் கோணாமல் ஓடும். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கோலிக்காய் மாதிரி ஓர் எஃகுக் குண்டு. வண்டி ஏற்றத்தில் மூக்கை உயர்த்தினால் குண்டு பின்னால் உருண்டு பிரேக் எண்ணெயை அடைத்துக்கொள்ளும், கிளட்சை விடும்வரை பிரேக் பிடித்தபடியே இருக்கும். இவ்வளவுதான் விஷயம். வேறொரு வண்டியிலும் அவர் இதைப் பார்த்ததில்லையாம். இதை யோசித்துச் செய்த அந்தப் பட்டறைக்காரர்களை நினைத்து, வெட்கத்துக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

குண்டு வெளியிலேயே இருக்கட்டும் என்றேன். ஒரு வாரம் விடிகாலையில் நானும் செல்லையாவும் ஜகதி ஏற்றத்தில் மாறி மாறிப் பழகினோம். பிறகு பாகீரதி அம்மாளை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கண் கலங்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான் கிளம்பிய அன்றைக்கே மேஸ்திரி அதைக் காட்டிச் சொல்லியிருந்தார்: "பத்து வர்ஷமாயிட்டு ஸ்கூல் நடத்தினது இவனாக்கும் மாஷே. நீங்க பக்கத்துல சும்மா உக்காந்திருந்தீங்க."

தீப்பெட்டி

டெஸ்ட் நாளன்று புது இன்ஸ்பெக்டர். ஸ்டூடிபேக்கரைப் பார்த்ததும் சிரித்தார். அவருடைய அப்பா இதே வண்டியை எங்கோ ஓட்டியவராம். "இது கயற்றத்தில தானே நிக்குமே. இதில டெஸ்ட் வேண்டா, வேற வண்டி உண்டோ?" என்றார். குண்டைக் கழற்றிவிட்டோம் சார் என்று சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். எல்லாரும் ஒரு கோலிக்காயை எடுத்துக் காட்டலாம் என்று சொல்லிவிட்டார். வேறு வண்டி அங்கே ஒன்றுதான் இருந்தது. வக்கீல் வேடிக்கை பார்க்கத் தன் பியட்டைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வருகிற வழியில் எதிலோ உரசி, இடது பக்கம் பெயிண்ட் போயிருந்தது. அம்மாள் அந்தக் கீறலைத் தொட்டுப் பார்த்தார். பாஸாகாவிட்டால் இன்றைக்கும் இவர்தான் ஓட்டிக்கொண்டு திரும்புவார். சாவிக்குக் கையை நீட்டினார்.

நடு ஏற்றத்தில் நிறுத்தச் சொல்லி, இன்ஸ்பெக்டர் இறங்கி, பின் சக்கரத்தை ஒட்டி ஒரு தீப்பெட்டியை நிற்கவைத்தார். நான் ரோட்டில் நின்றுகொண்டு, காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்தேன். இஞ்சின் ஒருமுறை உறுமியது, பியட் லேசாக நடுங்கியது, முன்னால் போனது. தீப்பெட்டி நின்றது நின்றபடி இருந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் குனிந்து எடுத்து, அதிலேயே ஒரு குச்சியை உரசி சிகரெட் பற்றவைத்துக்கொண்டார். வக்கீல் கொஞ்ச நேரம் வலது பக்கக் கதவருகே நின்றார். பிறகு தடவித் தடவிச் சுற்றி வந்து, இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். பாகீரதி அம்மாள் ஜன்னல் வழியாக என் சட்டைப்பையைப் பார்த்தார்: "அந்தக் குண்டை மறுபடி மாட்டிடுங்கோ மாஷ். பாவம், அது தன் வேலையைச் சரியாத்தானே பண்ணித்து."

அன்று சாயங்காலமே குண்டை மாட்டிவிட்டுப் பலகையில் அந்த வரியை அழித்தேன், பெயிண்டர் சொன்ன மாதிரியே பெயிண்ட் நிறைய ஆயிற்று, எங்கள் ஸ்கூலில் ரொம்பத் தாமதமாகப் பாஸானவன் அதன் மாஷ்தான்.