ஏழு மறிகளும் ஒரே ஐப்பசியில்

எங்கள் ஏழு செம்மறிகளும் அந்த ஐப்பசியில் குட்டி போட இருந்தன. பெண் ஆட்டை மறி என்பார்கள் என்பதே கலியாணம் முடித்துத் திரியாய்க்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். டவுன் பக்கம் அன்புவழிபுரத்தில் வளர்ந்தவளுக்கு ஆடு என்றால் மதிலில் ஒட்டிய நோட்டீசைத் தின்னும் மிருகம், அவ்வளவுதான். இப்போதோ விடிந்ததும் தேத்தண்ணீர் வைக்க முதலே கொட்டிலுக்கு ஓடி, ஒவ்வொன்றின் பின்னாலும் குந்தியிருந்து மடி பார்க்கிறவளாகிவிட்டேன்.

“நேற்றும் பாத்தனீர்தானே? ஒரு நாளில என்ன மாறும்?” என்று கணவர் சிரிப்பார்.

“மாறியிருக்கு. வந்து பாருங்கோ.”

அன்று மாறித்தான் இருந்தது. கறுப்பு முகத்து மறியின் மடி இறுகி மினுங்கியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொட்டில் வேலை பாதியில் கிடந்தது. மாரியில் தரை சேறாகிவிடும், பிறந்த குட்டி ஈரத்தில் கிடந்தால் தப்பாது என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்ததால் உயரமாகப் பலகைத் தரை போட்டுக்கொண்டிருந்தோம். கணவரின் கூட்டாளி, இறக்கக்கண்டி ஊர் முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்போம், கடற்கரையில் இருந்த தன் மீன் வாடிக் குடிசையைப் பிரித்த பலகைகளை ஏற்றிவந்து தானே ஆணியும் அடித்தார். நான் வைக்கோலை உலர்த்தினேன், சாக்குகளைத் தோய்த்தேன், தொப்புளுக்குப் பூசும் மருந்தை மூன்று தரம் எடுத்துப் பார்த்தேன்.

பின்னேரம் கடல் பக்கம் இருண்டுகொண்டு வந்தது. ஆடுகளைச் சாய்த்துவரப் போனபோது கறுப்பு முகத்தைக் காணவில்லை. தேடிப் போனேன். வேலியோரப் பாலை மரத்தடியில் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது. நீர்க்குடம் உடைந்திருந்தது. குட்டியின் ஒரு குளம்பும் மூக்கு நுனியும் வெளியே தெரிந்தன. சேர்ந்து வரவேண்டிய மற்ற முன்காலைக் காணவில்லை.

நான் கத்திய கத்தலில், கொட்டிலில் பலகை அடித்துக்கொண்டிருந்த கணவரும் நானாவும் ஓடிவந்தார்கள். வைத்தியருக்குப் போன் போட்டேன்.

“நான் வர ஒரு மணித்தியாலம் செல்லும். குட்டி தாங்காது. உள்ள மடங்கிக் கிடக்கிற காலை நீங்கள்தான் எடுக்கோணும்.”

“எனக்கு ஏலாது, டொக்டர்!”

“ஏலும். நான் சொல்லச் சொல்லச் செய்யுங்கோ.”

நானா தன் கைகளை விரித்துக் காட்டினார். “எங்கட கை பெரிசு. உங்கட கைதான் சின்னன், தங்கச்சி. பயப்படாதீங்க.”

கணவர் மறியின் தலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். நானா கொட்டிலிலிருந்து தண்ணீரும் சவர்க்காரமும் வைக்கோலும் ஒரு தறப்பாளும் கொண்டுவந்து வைக்க, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். போனில் டொக்டர் சொன்னபடி, நோவு அடங்கும் நேரம் பார்த்துக் குட்டியின் தலையை மெல்ல உள்ளே தள்ளினேன். உள்ளே நினைத்ததைவிடச் சூடு. விரல்கள் ஒரு மடங்கிய முழங்காலைத் தொட்டன. குளம்பை உள்ளங்கையால் பொத்தி முன்னால் இழுத்தேன். அடுத்த நோவில் குட்டி வழுகி என் மடியிலேயே விழுந்தது.

அது மூச்சு விடவில்லை. வைக்கோலால் தேய்த்தேன். மூக்கில் ஒரு வைக்கோல் தாளை விட்டுக் கிளறினேன். சட்டென்று தும்மியது! நானா “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். கணவர் கண்ணைத் திறந்து, “முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

முடியவில்லை. நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாவது குட்டி ஒருவர் துணையுமின்றித் தானாகவே வந்து கிடந்தது.

மழை பிடித்தது. நானா தறப்பாளை எங்கள் தலைக்கு மேல் பிடிக்க, நான் குட்டிகளைத் தாயின் மூக்குக்கு நேரே தாழ்த்திப் பிடித்தபடி பின்பக்கமாக நடந்தேன். மறி நக்கி நக்கிக் கூடவே வந்தது. கொட்டிலில் பாதித் தரைதான் முடிந்திருந்தது. அந்தப் பாதி போதுமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் எழும்பி, விழுந்து, மறுபடி எழும்பி, தாயின் முதல் பாலான கடும்புப்பாலை உறிஞ்சின. வால்கள் துடித்தன.

அன்புவழிபுரத்திலிருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்து, “ரெண்டு! ரெண்டு!” என்று கத்தினேன். தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.