ரெண்டும் இடது கை

தையல் மிஷின்ல உக்காந்தா கைக்கும் காலுக்கும்தான் வேலை, காதும் வாயும் சும்மாதானே கெடக்குன்னு நெனைச்ச ஆளு நான். ஒரே நேரத்துல ஒம்பது வேலையை இழுத்துப்போட்டு அல்லாடுற சகபாவிகளே, காரைக்குடி லேடீஸ் டெய்லர் செல்வி சொல்றேன், கேளுங்க.

கொக்கிக்குக் கொக்கி

கொக்கி வைக்கிறது கண்ணை மூடிக்கிட்டே செய்யிற வேலைன்னு எனக்கொரு மெதப்பு. ஃபோனைச் சாய்ச்சு வச்சு சீரியல் பார்த்துக்கிட்டே, பக்கத்துத் தெரு டீச்சரோட ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைச்சேன். அங்க மாமியார் பால்ல விஷத்தைக் கலக்க, இங்க நான் ரெண்டு பக்கமும் கொக்கியாவே தைச்சுத் தள்ளிட்டேன். மாட்டுறதுக்கு ஒரு வளையம்கூட இல்லை.

மறுநாள் காலையில டீச்சர் சேலையை இழுத்துப் போத்திக்கிட்டு வந்து நின்னாக. "சேலையைப் பிடிச்சுக்கிட்டே பாடம் நடத்தச் சொல்றியா செல்வி?"

கத்தரியும் நாத்தனார் சண்டையும்

இந்தக் கதை, என்கிட்ட துணி தைக்கக் குடுக்கிற மும்தாஜ் அக்கா காதுக்கும் போயிருச்சு. அவுக மூத்த மகளுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். பொண்ணோட அத்தா, அதான் அக்கா வீட்டுக்காரரு, மலேசியாவுலேருந்து நிக்காஹ் ஜாக்கெட்டுக்குன்னு கொண்டாந்த துணி; வீணாப்போனா மறு துணி கெடையாது. அரை மனசோடதான் குடுத்தாக.

சத்தியமா கவனமாத்தான் இருந்தேன், நேமத்தான்பட்டியிலேருந்து என் தங்கச்சி ஃபோன் பண்ற வரைக்கும். அவ நாத்தனார் சண்டையை முழுசாக் கேக்கலைன்னா எனக்குத் தூக்கம் வருமா? ஃபோனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு, நாத்தனாரையும் நல்லாத் திட்டி, ஜாக்கெட் கையையும் வெட்டி முடிச்சேன். வச்சுப் பார்த்தா ரெண்டும் இடது கை!

அந்த நேரம் பார்த்தா மும்தாஜ் அக்கா வரணும்? மறைக்க முடியலை, சொல்லிட்டேன். அவுக கண்ணு கலங்கிருச்சு. "அழாதீக அக்கா, சரிபண்ணித் தாரேன்"னேன். "அப்ப இப்பவே பண்ணு. உன்னைய நம்பி நான் வீட்டுக்குப் போகமாட்டேன்."

அக்கா காவல்

என் ஃபோனைப் புடுங்கித் தன் பையில போட்டுக்கிட்டு, எதுக்க ஸ்டூல்ல உக்காந்துட்டாக. மிச்சத் துண்டுகளை ஒட்டுப்போட்டு வலது கை வெட்டினேன். ஒட்டு தெரியாம ஜரிகை லேஸ் வச்சேன். ஜோடி சேரணுமேன்னு இடது கைக்கும் லேஸ். பைக்குள்ள ஃபோன் கத்தக் கத்த எனக்குக் கை பரபரங்குது. அக்கா எடுத்து, "செல்விக்கு வேலை இருக்கு, பெறகு பேசுங்க"ன்னு வச்சுட்டாக.

தைச்சு முடிச்சதும் பொண்ணு நேர்ல வந்து போட்டுப் பார்த்து, லேஸைத் தடவித் தடவிச் சிரிச்சுச்சு. அப்பத்தான் எனக்கு உசிரே வந்துச்சு. ஃபோனைத் திருப்பிக் குடுக்கையில அக்கா சொன்னாக: "சின்னவ நிக்காஹுக்கும் உன்கிட்டதான் வருவேன். ஆனா நீ கத்தரியத் தொடுறதுக்கு முன்னாடி ஃபோனு என் பைக்கு வந்துரணும்."

நான் பேசாம இருந்த அந்த ஒரு பொழுதுல உலகத்துல ஒண்ணும் கெட்டுப்போகலை, ஒரு ஜாக்கெட் மட்டும் ஒழுங்கா வந்துச்சு.