மூத்தார் கை பட்ட மீன்தொட்டி

என் மூத்தாருக்கு, அதாவது வீட்டுக்காரரின் அண்ணனுக்கு, கைராசி உண்டென்று எங்கள் குடும்பமே நம்புகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தறி வைத்து பேண்டேஜ் துணி நெய்கிறவர். கடை திறப்பா, போர் போடுவதா, பிள்ளைக்கு முதல் சோறா, “அவிய கை படட்டும்” என்பார்கள். அவர் தொட்டு நாசமானதை மட்டும் ஒருத்தரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நல்ல ராசிதான், போங்கள்!

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த மீன்தொட்டி ஒன்றுதான் அந்த வீட்டில் முழுக்க முழுக்க என்னுடையது. நான் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். தண்ணீருக்குள் செடி வளர்க்க உரத்தின் அளவுதான் சூட்சுமம். குறைந்தால் இலை வெளுக்கும், கூடினால் பாசி ஏறும். இலையைப் பார்த்துப் பார்த்துச் சொட்டுக் கணக்கில் கூட்டிக் குறைத்து, ஒருவழியாக அளவைப் பிடித்திருந்தேன்.

திடீரென்று தண்ணீர் பச்சையடிக்கத் தொடங்கியது. உரத்தைப் பாதியாக்கினேன். விளக்கைக் குறைத்தேன். தண்ணீரை மாற்றினேன். பச்சை கூடிக்கொண்டே போனது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன, ஒன்று செத்தே மிதந்தது. படித்த படிப்பெல்லாம் பொய்யோ என்று எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை கல்லூரி பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தால், வெள்ளிதோறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வரும் மூத்தார் தொட்டியருகே நிற்கிறார். கையில் காகிதப் பொட்டலம். யூரியா! மம்சாபுரத்தில் உள்ள தன் தென்னந்தோப்புக்கு வாங்கியதில் மிச்சமாம்.

“என்ன அத்தான் இது?”

“உரந்தாம்மா. நீ சொட்டுச் சொட்டா ஊத்துதியாமே, தம்பி சொன்னான். அதுல செடி எப்பிடிப் பிழைக்கும்? வாரா வாரம் நாந்தான் ரெண்டு சிட்டிகை போட்டுட்டுப் போறேன். பாத்தியா, எம்புட்டுப் பச்சை!”

“மீன் செத்துரும் அத்தான். ஒண்ணு செத்தே போச்சு.”

“என் கை பட்டு எதுவும் செத்ததில்ல தாயி” என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார்.

வீட்டுக்காரர் பல் குத்திக்கொண்டு நின்றார். ஆமாம்சாமி போடவே பிறந்த மனிதர்.

“உங்களுக்குத் தெரியும்ல? நீங்களாவது சொல்லக்கூடாதா?”

“அண்ணன் ஆசையா போடுதாக. வேண்டாம்னா அவிய மனசு நோகாதா?”

மீன் சாகலாம். நான் கிறுக்குப் பிடித்து அலையலாம். அண்ணன் மனசு மட்டும் நோகக்கூடாது. த்தூ!

திங்கட்கிழமை காலையில் மீன்களையும் செடிகளையும் ஒன்று விடாமல் இரண்டு வாளிகளில் அள்ளினேன். பஸ் நிற்கும் இடம்வரை வாளிகளைத் தூக்கி வந்தவர் வீட்டுக்காரர்தான். தண்ணீர் சிந்தாமல் பஸ்ஸில் ஏற்றியும் விட்டார். கல்லூரி ஆய்வகத்தில் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டியில் எல்லாவற்றையும் விட்டேன். இரண்டே நாளில் மீன்கள் தெளிந்துவிட்டன. வீட்டுத் தொட்டியில் மிஞ்சியது பச்சைத் தண்ணீர் மட்டும். விரலை விட்டால் விரல் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. மூத்தார் வந்தார், சாப்பிட்டார், பொட்டலத்தைப் பிரித்துத் தூவினார். பிறகு குனிந்து கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்த்தார்.

“இப்பப் பாருலே, மீனெல்லாம் எம்புட்டுத் தெம்பா நீந்துது!”

வாளி தூக்கிய என் வீட்டுக்காரரும் குனிந்தார். செத்த நேரம் உற்றுப் பார்த்தார்.

“ஆமாண்ணே” என்றார். “குஞ்சுகூடப் போட்டிருக்கு.”