கேக் வெட்டாத பிறந்தநாள்

எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் "அதை நான் பாத்துக்கறேன்" என்று முதலில் சொல்லும் ஆள் நான்தான். யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். சமையலுக்கு யார், பூவுக்கு யார், பால் எத்தனை லிட்டர் என்று எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பேன். "உங்கக்கா கலெக்டர் ஆயிருக்கணும்மா, தப்பிப் போய் பேங்க்ல உக்காந்துட்டா" என்று என் வீட்டுக்காரர் என் தங்கையிடம் சொல்வார். அதைப் பாராட்டு என்றே ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

தங்கை மகளுக்கு தி.நகரில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். இப்போதெல்லாம் மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை வைத்து, மாப்பிள்ளையும் பெண்ணும் குழந்தையாக இருந்த படங்களை ஓட்டுகிறார்கள் இல்லையா, அதுவும் வேண்டும் என்று பேச்சு வந்தது. தங்கை அடையாரிலிருந்து போன் பண்ணினாள். "அக்கா, பாப்பாவோட மொத பொறந்தநாள் கேசட் உன்கிட்டதானே இருக்கு? அத ஓட்ட முடியுமா இப்ப?" என்றாள்.

"நான் பாத்துக்கறேன், நீ போனை வை" என்றேன்.

கேசட் என்னிடம்தான் இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. தங்கை மகள்தான் எனக்கு எல்லாம். அவளுடைய முதல் சட்டையிலிருந்து மார்க் ஷீட் வரை என் பீரோவில்தான் இருக்கும். மற்ற கேசட்டுகளையெல்லாம் பரணில் போட்டு அவை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. இது மட்டும் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் புதுசு போல இருந்தது.

அதை சிடிக்கு மாற்றுகிற இயந்திரமும் வீட்டிலேயே இருந்தது. ஒரு பக்கம் கேசட் போடலாம், இன்னொரு பக்கம் சிடி போடலாம், இதிலிருந்து அதற்கு ஏற்றிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கினார். ஒரு கேசட்டைக்கூட மாற்றவில்லை. மந்தைவெளி வீட்டுக்கு நாங்கள் குடிவந்ததிலிருந்து கேபிள் பெட்டியை வைக்கும் பலகையாகத்தான் அது உழைத்துக்கொண்டிருந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டு லஸ் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது, இத்த எங்கேந்து புட்ச்சிக்கினு வந்தே? இன்னும் உசுரோட கீதா?"

"உசுரு இருக்கறதாலதான் உங்ககிட்ட கொண்டாந்தேன். செத்துப்போயிருந்தா கண்ணம்மாபேட்டை சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிருக்க மாட்டேனா?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே இருந்த ரப்பர் பெல்ட்டை மாற்றிக் கொடுத்தார். காலி சிடி கிடைப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கிய பிறகு ஒருவர் இரண்டைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

ஒரு மத்தியானம் உட்கார்ந்தேன். இந்த வேலையில் குறுக்குவழி கிடையாது. கேசட் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரமும் ஓடவிட்டுத்தான் சிடியில் ஏற்ற வேண்டும். சாப்பிட்டுப் படுத்திருந்த வீட்டுக்காரர், "என்னடி அது கல்யாண வீடு மாதிரி இரைச்சல்!" என்று கத்தினார். நான் டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பலூன் வந்தது. சாந்தோமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு ஹால் வந்தது. தங்கை ஒல்லியாக வந்தாள். அப்புறம் அந்த ஆள் வந்தான், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக.

அந்த ஆள் என்றால், தங்கையின் முதல் புருஷன். குழந்தையைப் பெற்றவன். குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்போது, இனிமேல் சேர்ந்து இருக்கப் பிடிக்கவில்லை என்று கோயம்புத்தூர் பக்கம் போனவன் போனவன்தான். அன்றிலிருந்து அவன் பேரை நான் வாயால் சொன்னதில்லை, சொல்ல விட்டதும் இல்லை. ஆல்பத்தில் அவன் இருந்த போட்டோக்களையெல்லாம் நானே பிரித்து எடுத்துக் கிழித்தேன். தங்கை பிறகு இன்னொருவரைக் கட்டிக்கொண்டாள். தங்கமான மனிதர். குழந்தை அவரைத்தான் அப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். போன வருஷம் அந்த ஆள் செத்துப்போனான் என்று தகவல் வந்தது. தங்கை தலைக்கு ஊற்றிக்கொண்டாள். மகளிடம் போனில் சொன்னபோது அவள் "ஓ" என்று மட்டும் சொன்னாளாம். அவளுக்கு ஒன்றும் இல்லை, நாம்தான் கவலைப்படுகிறோம் என்று நான் எல்லோருக்கும் தீர்ப்புச் சொன்னேன்.

சரி, இப்போது இவன் நிச்சயதார்த்தத் திரையில் வந்து நின்றால்? சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா என்று மாலை வாங்கிக்கொண்டு நிற்கிற அந்த நல்ல மனிதரின் மனசு என்ன பாடுபடும்? இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்ணிடமும் கேட்கவில்லை. கேட்டால் நான் எப்படிக் கலெக்டர்?

கேசட்டை முதலுக்குச் சுற்றிவிட்டு, இன்னொரு காலி சிடியைப் போட்டு, ரிமோட்டைக் கையில் எடுத்தேன். பதிவை நிறுத்தி வைக்க அதில் ஒரு பட்டன் இருந்தது. அவன் முகம் வந்தால் நிறுத்துவேன், போனதும் மறுபடி ஓடவிடுவேன். முதலில் தடுமாறியது. போகப்போகக் கை பழகிவிட்டது. அவன் எந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருவான் என்று முன்கூட்டியே தெரிந்து அமுக்கினேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இத்தனை வருஷம் கழித்து அவனை வீட்டை விட்டு நான் துரத்துகிற மாதிரி. ஒரு குழந்தையின் பிறந்தநாளில் அதன் அப்பன் எத்தனை இடத்தில் இருப்பான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கேசட் முடிந்தபோது சிடியில் பாதிகூடத் தேறவில்லை.

அதோடு விட்டேனா? கேசட்டின் மூடியைத் தூக்கி, உள்ளே இருந்த நாடாவை முழம் முழமாக இழுத்துப் போட்டு, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிக் குப்பைப் பையில் திணித்தேன். மறுநாள் காலை குப்பை வண்டி வந்தபோது நானே கீழே இறங்கிப் போய்க் கொடுத்தேன்.

மண்டபத்தில் எல்லாம் பிரமாதமாக நடந்தது. திரைக்காரர்கள் படத்தின் சத்தத்தை எடுத்துவிட்டு ஏதோ பாட்டைச் சேர்த்து ஓட்டினார்கள். குழந்தை தவழ்ந்தது, பலூனைக் கடித்தது, சம்பந்தியம்மா கைதட்டிச் சிரித்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண் மட்டும் மேடையிலிருந்து இறங்கி வந்தபோது என் தோளைத் தட்டி, "பெரிம்மா, கேக் முழுசா இருக்கு, அடுத்த செகண்டே எல்லாரும் மென்னுக்கினு இருக்காங்க. வெட்டினது யாரு?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"பழைய கேசட்டுடி, அங்கங்க போயிடுச்சு" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக வந்தாள். அவளுக்குப் பிடிக்குமே என்று நொச்சிக்குப்பத்தில் சங்கரா மீன் வாங்கி வந்து, வறுக்க மசாலா தடவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"பெரிம்மா, அந்த கேசட்ட ஒரு தடவ முழுசா போட்டுக் காட்டேன்."

"எதுக்குடி இப்ப?"

"அவர் குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவ கேக்கணும். அம்மாகிட்ட கேட்டா அழுவா. அப்பாகிட்ட கேக்க முடியாது. உன்கிட்டதான் கேக்க முடியும்."

கை மசாலாவோடு அப்படியே நின்றேன். உன்கிட்டதான் கேக்க முடியும் என்கிறாள்! அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பூஞ்சை புடிச்சிப் போச்சும்மா, மெஷினுக்குள்ள சிக்கி அறுந்துபோச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்தப் பொய்! அதைச் சொல்லும்போது குழம்புக்குப் புளி போதுமா என்றுகூடப் பார்த்துக்கொண்டேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. பிறகு, "சரி, சிடி இருக்குல்ல? அதையாவது போடு" என்றாள்.

அதில் என்ன பயம்? அவன் முகம் ஒரு இடத்திலும் இல்லை, எனக்குத்தான் தெரியுமே. கையைக் கழுவிவிட்டு வந்து போட்டேன். அவள் தரையில் டிவிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டினாள்.

பலூன் வந்தது. குழந்தை வந்தது. கேமராவுக்கு வெளியே எங்கிருந்தோ ஒரு ஆண் குரல், "பாப்பா, இங்க பாரு, இங்க பாருடா தங்கம்" என்றது.

அடப்பாவி! அன்றைக்கு நான் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் சத்தத்தைக் குறைத்தால் சிடியிலும் ஏறாது என்றா நினைத்தேன்? அதைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. படத்தில் அவன் இல்லாத இடத்திலெல்லாம் அவன் பேசிக்கொண்டிருந்தான். தண்ணீர் கேட்டான். யாரையோ சாப்பிடச் சொன்னான். குழந்தை அழுதபோது, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்றான்.

அவள் சிடியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "பெரிம்மா, இது யாரு?"

வீடியோக்காரன் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நான் சொன்னதை எதைத்தான் அவள் நம்பவில்லை? நான் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு அவள் மறுபடி ஓடவிட்டாள். சோபாவில் சொந்தக்காரப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, குழந்தையை ஒருவர் மாற்றி ஒருவர் மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதவோரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் குரல் சொன்னது:

"அக்கா, நீங்க ஏன் ஓரமா நிக்கறீங்க? நடுவுல வந்து உக்காருங்க. கொழந்தைய மொதல்ல உங்க மடியிலதான் வச்சிருக்கணும். யாரு என்ன சொன்னா என்ன? வாங்கக்கா."

திரையில் நான் தலையைக் குனிந்துகொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தேன். குழந்தையை யாரோ என் மடியில் வைத்தார்கள். முகமெல்லாம் சிரிப்பு எனக்கு.

பிள்ளை இல்லாதவளை முன்னால் நிறுத்தாதே என்று ஒரு சொந்தக்காரி அன்றைக்கு என் காதுபடச் சொன்னாள். அதனால்தான் கதவோரத்துக்குப் போனேன். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தது அவர் ஒருவர்தான். கூடப் பிறந்த தங்கைகூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இதை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். அவர் வீட்டை விட்டுப் போன அன்றைக்கே, அவரோடு சேர்த்து இதையும் தூக்கிப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் போனது தப்புத்தான், இப்போதும் தப்புத்தான். ஆனால் ஓரத்தில் நின்றவளை நடுவுக்குக் கூப்பிட்ட மனிதரை, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, அவர் பெற்ற பிள்ளையின் பிறந்தநாளிலிருந்து நான் வெட்டி எறிந்திருக்கிறேன். கூனிக்குறுகிப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

"உங்கப்பாதான்மா" என்றேன்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பட்டனை அமுக்கியதை, கத்தரிக்கோலை, குப்பை வண்டியை. பூஞ்சை என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் தூக்கி வளர்த்த பெண் என்னை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்புறம் அவள் சிடியை மறுபடி முதலிலிருந்து போட்டாள். பையிலிருந்து செல்போனை எடுத்துப் பதிவு பண்ணுகிற பட்டனைத் தட்டி, டிவி ஸ்பீக்கருக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா, இங்க பாரு, இங்க பாருடா தங்கம்" என்றது குரல். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டேன்.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"பெரிம்மா, நீ கொஞ்சம் வெளியில போய் இரு. உன் சத்தமும் சேந்து ஏறுது."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.