விசா முடியுமுன் திரும்பாத ஹாஜறா

ஹாஜறாவின் மரணச் செய்தியை எனக்குச் சொன்னது என் அம்மா. காலையில் சந்தைக்குப் போனவர் வெறும் பையோடு திரும்பி வந்தார். “மகள், நம்மட காத்தான்குடிப் புள்ள மவுத்தாயிட்டாவாம். லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம். என்னய இப்பவே கூட்டிட்டுப் போ” என்றார். நோய் முற்றிவிட்டது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் அவளோடு வேலை செய்த நீங்கள் இதை வாசிப்பீர்கள். அவள் ஏன் வெளிநாட்டுப் படிப்பைப் பாதியில் விட்டாள் என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. தான் இருக்கும்வரை அதை நான் சொல்ல அவள் விடவில்லை.

முதல் முறை அவள் விசாவுக்குப் போனது சுனாமி வந்த நேரத்தில். திங்கட்கிழமை நேர்முகத்துக்காக வாப்பாவோடு கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. கரையோரம் இருந்த அவர்கள் வீட்டையும் உம்மாவையும் கொண்டுபோனது. தொலைபேசி இல்லை, பாதை இல்லை. பொலன்னறுவை வழியாக ஓட்டமாவடிக்கு வந்து, அங்கிருந்து ஊர் சேர்ந்தபோது உம்மாவை அடக்கிவிட்டிருந்தார்கள். முகம் பார்க்கவில்லை. மறு வருடம்தான் அவளால் அந்த வெளிநாட்டுக் கல்லூரிக்குப் படிக்க வர முடிந்தது. அப்படித்தான் அவள் என் வகுப்பில், பிறகு என் அறையில் வந்து சேர்ந்தாள். “உம்மாவத் தேட வேண்டிய நேரத்தில கொழும்பில பஸ்ஸுக்கு நிண்டன் கா” என்று ஒருமுறை சொன்னாள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இரண்டாம் வருடம் என் விசா அவளுடையதற்கு முன்னர் முடிய இருந்தது. கல்லூரிக் கடிதம், வங்கிக் கணக்கு விபரம், கடவுச்சீட்டு எல்லாவற்றையும் விசாவைப் புதுப்பிக்க அந்த நாட்டுக் குடிவரவு அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினேன். முடிவு வரும்வரை நாட்டைவிட்டு வெளியேற முடியாது. கடவுச்சீட்டைத் திருப்பிக் கேட்டால் விண்ணப்பத்தை மீளப் பெற்றதாகக் கொள்வார்கள். படிப்பும் அதோடு போகும். அந்த நேரத்தில்தான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஷெல் விழுகிறது, சனம் வாவியைக் கடந்து ஓடுகிறது என்று செய்தி வந்தது. புலிகளின் பிடியில் இருந்த எங்கள் ஊர் அதுதான். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவும் தங்கச்சியும் மட்டும். அவர்களுடைய தொலைபேசி செத்துக் கிடந்தது. பட்டணத்தில் இருந்த மாமாவிடமும் அவர்கள் வந்து சேரவில்லை.

கடவுச்சீட்டைத் திருப்பித் தரும்படி எழுத நான் உட்கார்ந்தேன். ஹாஜறா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீ போனா முதல் செக்பொயின்ட்லயே இறக்கி வெச்சிருவாங்க. அடையாள அட்டையில கொக்கட்டிச்சோலை என்டு கிடக்கு. பிறகு உன்னயும் ஆர் தேடுற? நான் போறன்.”

“உன்ட விசா?”

“முடிய இன்னும் நாள் கிடக்கு. போய்ப் பாத்துட்டு வந்து புதுப்பிக்கிறன்.”

அவள் போனாள். வாப்பா முதலில் சம்மதிக்கவில்லை. தமிழரும் சோனக முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போக யோசித்த காலம் அது. கடைசியில் அவரே துணிக்கடையைப் பூட்டிவிட்டு அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அகதி முகாம் முகாமாகத் திரிந்தார். நான் தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோனேன். மணி அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

பாடசாலை முகாமொன்றில் அம்மாவைக் கண்டுபிடித்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஒருவரும் எழும்பவில்லையாம். “ஆரு, எதுக்குக் கூப்பிடுற என்டு தெரியாம பயந்து இருக்காங்க. தண்ணி கொண்டு வாற பவுசர் லொறியடிக்குப் போய் நிண்டன். தண்ணிக்கு எல்லாரும் வரத்தானே வேணும்” என்றாள். என் மேசையில் இருந்த படத்தில் பார்த்த முகத்தை அந்த வரிசையில் அடையாளம் கண்டிருக்கிறாள்.

ஆனால் தங்கச்சி அம்மாவோடு இல்லை. ஓடும்போது பிரிந்துவிட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் இயக்கம் சண்டைக்குப் பிடித்துப்போன காலம். அந்த வயதுப் பிள்ளைகள் காணாமற்போவது எதைக் குறித்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஹாஜறாவின் விமானச் சீட்டுத் தேதி கடந்தது. விசா முடியும் தேதியும் கிட்டி வந்தது. “நீ வெளிக்கிடு, மாமா தேடுவார்” என்று தொலைபேசியில் கெஞ்சினேன்.

“உன்ட அம்மா என்ட கையப் பிடிச்சிட்டு இரிக்கா. நான் எப்பிடி பிளேன் ஏறுற?” என்றாள்.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்து முகாமில், வேறொரு குடும்பத்தோடு, காலில் காயத்துடன் தங்கச்சி கிடைத்தபோது ஹாஜறாவின் விசா முடிந்து போயிருந்தது. அந்தக் கிழமையே எனக்குப் புதிய விசா குத்திய கடவுச்சீட்டு தபாலில் வந்தது.

அவள் கொழும்பில் மறுபடி விண்ணப்பித்தாள். உரிய நேரத்தில் ஏன் திரும்பவில்லை என்று நேர்முகத்தில் கேட்டார்கள். சினேகிதியின் தாயைத் தேடினேன் என்றாள். உனக்குச் சொந்தமா என்றார்கள். இல்லை என்றாள். விசா மறுக்கப்பட்டது. அவளுடைய புத்தகங்களையும் சோறு சமைத்த சட்டியையும் நான்தான் பெட்டியில் கட்டி அனுப்பினேன்.

போர் முடிந்தபின் ஊர் திரும்பியதும் அவளைப் பார்க்கப் போனேன். “என்ட அம்மாவ உன்ட சாச்சி, சின்னம்மா என்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே” என்றேன். சிரித்தாள்.

“சொந்தமில்லாத ஆளத் தேடுற குத்தமா கா? அந்த மனிசனும் கொஞ்சம் யோசிக்கட்டும் என்டுதான் இல்ல என்டன்.”

பிறகு இங்கேயே படித்துத் தேர்ச்சி பெற்று ஆய்வுகூடத்தில் சேர்ந்தாள். மணம் முடித்தாள், இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். இழந்த படிப்பைப் பற்றிக் கேட்டால், “திரும்பக் கேட்டன், தரல்ல” என்பாள். அவ்வளவுதான்.

அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு பழக்கம். முகாம்களிலிருந்து பேசிய அத்தனை தடவையும் அவள் ஸலாம் சொன்னதுமில்லை, சுகம் கேட்டதுமில்லை. நான் தொலைபேசியைக் காதில் வைக்குமுன்பே “அம்மா இரிக்கா”, “இண்டைக்குக் கிடைக்கல்ல”, “தங்கச்சி உசிரோட இரிக்கா” என்று செய்திதான் முதலில் வரும். பரிசோதனை முடிவுக்காக வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களிடமும் அவள் அப்படித்தான் பேசினாள் என்று நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். செய்திக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு இப்போது நான் தொலைபேசி எடுத்தால், வணக்கம் சொல்வதைப் பின்னால் வைக்கிறேன்.