ரங்கெல் கொண்டாடாத வெற்றி

ரங்கெலும் நானும் டான்யூப் ஆற்றங்கரையிலிருந்த படகுப் பட்டறையில் இருபது வருடம் ஒன்றாக வெல்டிங் வேலை பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் ஊர் ரிபார் அணியின் கால்பந்தாட்டத்துக்கும் சேர்ந்தே போவோம். வடக்குப் பக்கப் படிகளில் மூன்றாவது வரிசை எங்களுடையது. ரிபார் மூன்றாம் பிரிவைத் தாண்டியதே இல்லை. தோற்றுத் தோற்றுப் பழகிப்போனவர்கள் நாங்கள். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே நடுவரையும் எங்கள் ஆட்டக்காரர்களையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். ரங்கெல் மட்டும் யாரையும் திட்டியதில்லை. மனைவியை அடக்கம் செய்த மறுநாள்கூட ஆட்டத்துக்கு வந்தார். அன்றைக்கு ஐந்து கோல் வாங்கினோம். முழுவதும் இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவருடைய ஒரே மகள் வியாரா. பக்கத்து மாவட்ட அணியின் கோல்கீப்பர் திஹோமிரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரங்கெல் அவனை மைதானத்துக்குக் கூட்டிப்போய் மணிக்கணக்கில் பந்தை உதைத்துக் கொடுப்பார். பந்து கிளம்புகிற வரைக்கும் அசையாமல் நின்று அதற்குப் பிறகுதான் பாய்வான் என்று பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்.

ஒரு வருடம் தானிய வியாபாரி ஒருவர் ரிபாரை வாங்கினார். புது ஆட்கள் வந்தார்கள், ஜெயிக்கவும் ஆரம்பித்தோம். மே மாதக் கடைசி ஆட்டம் திஹோமிரின் அணியோடு. ஜெயித்தால் இரண்டாம் பிரிவு. ஊரே திரண்டு வந்திருந்தது. கடைசி இருபது நிமிடத்தில் இரண்டு கோல் போட்டோம். இரண்டாவது பெனால்டி. உதைப்பவன் காலைத் தூக்குவதற்கு முன்பே திஹோமிர் இடது பக்கம் விழுந்தான். பந்து வலது பக்கம் போனது.

நான் ரங்கெலைக் கட்டிப்பிடித்தேன். உடம்பு பலகை மாதிரி விறைத்திருந்தது. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன். ஆட்கள் உடுப்போடு ஆற்றில் குதித்தார்கள். சதுக்கத்தில் முதலாளி செலவில் ஆடுகள் நெருப்பில் வெந்துகொண்டிருந்தன. ரங்கெல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் மகளும் மருமகனும் கைக்குழந்தையோடு சாப்பிட வந்தார்கள். அங்கே நடந்ததை அவர் எனக்குச் சொன்னது மூன்று வருடம் கழித்து. வியாரா குழந்தையைத் தூங்கவைக்க உள்ளே போனதும் கேட்டிருக்கிறார்.

"மாப்பிள்ளை, பெனால்டிக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் விழுந்தீங்க?"

திஹோமிர் அவரைக்கொட்டை சூப் கிண்ணத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அதெல்லாம் எதுக்கு மாமா கேக்கறீங்க? இருபத்தாறு வருஷம் ஏங்கினீங்க, இப்ப ஏறியாச்சு. சந்தோஷமா இருங்க."

"இப்படி வேணும்னு உங்ககிட்ட யாரு கேட்டா?"

"நீங்க கேக்கல. கேக்கறவங்க கேட்டாங்க."

வெளியே சொன்னால் மருமகன் சிறைக்குப் போவான், மகள் தனியாக நிற்பாள், ரிபாரும் பழைய இடத்துக்கே போகும். ரங்கெல் வாயைத் திறக்கவில்லை. மதுக்கடையில் அணியின் வெற்றிப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியபோது அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "ரங்கெலுக்கு அணி தோத்தாத்தான் சோறு இறங்கும்" என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தோம். உரக்கச் சிரித்தவன் நான்.

இரண்டாம் பிரிவில் ஏழும் எட்டுமாகக் கோல் வாங்கினோம். பனிக்காலத்தில் முதலாளி கைகழுவிவிட்டுப் போனார். வெளியூர் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வசந்தம் வருவதற்குள் அணி கலைந்தது. அடுத்த வருடம் உள்ளூர் ஆட்களே சேர்ந்து மாவட்ட லீக்கில், எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, மறுபடி ஆரம்பித்தார்கள். சதுக்கத்தில் ஆடிய கூட்டத்தில் பார்க்க வந்தவர்கள் முப்பது பேர் இருக்கும்.

அதற்கடுத்த வருடம் திஹோமிர் வேறொரு ஆட்டத்தைக் காசுக்கு விட்டுக்கொடுத்து மாட்டினான். விடியற்காலையில் போலீஸ் வந்து கூட்டிப்போனது. சிறை என்று ஆகவில்லை, ஆனால் வாழ்நாள் முழுக்க ஆடத் தடை. ரங்கெல் பஸ் பிடித்து மகளைப் பார்க்கப் போனார். வியாரா அவரை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே பேசினாள்.

"உனக்கு அப்பவே தெரியுமாமே அப்பா. அவரே சொன்னாரு. அன்னைக்கே நீ ஒரு சத்தம் போட்டிருந்தா அதோட விட்டிருப்பாரு. உன் டீம் ஏறிடுச்சுன்னு சும்மா இருந்துட்ட."

உனக்காகத்தான் சும்மா இருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லையாம், அது முழு உண்மையா என்று அவருக்கே தெரியவில்லையாம்.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது ஒரு மாவட்ட லீக் ஆட்டத்தின்போது, தூறலில், நனைந்த படியில் உட்கார்ந்துகொண்டு. ரிபார் அப்போதே மூன்று கோல் பின்தங்கியிருந்தது. இவ்வளவுக்கும் அப்புறம் இங்கே ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"இங்க தோத்தா நிஜமாவே தோத்தோம்னு தெரியுது, கிரில். வேற எதைப் பத்தியும் எனக்கு அப்படிச் சொல்ல முடியல."

எனக்கு மனது கேட்கவில்லை.

"அண்ணே, அவன் முன்னாடியே விழுந்ததை நானும் பார்த்தேன்," என்றேன்.

"எல்லாரும்தான் பார்த்தீங்க," என்றார். குரலில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வியாராவும் திஹோமிரும் ஜெர்மனிக்குப் போய் ஒரு இறைச்சி ஆலையில் வேலை பார்க்கிறார்கள். ஈஸ்டருக்கு மட்டும் போன் வரும். பேத்தி இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். ரங்கெலுக்கு எழுபத்திரண்டு ஆகிறது, முழங்கால் மடங்குவதில்லை. வடக்குப் படிகள் இடிந்துவிடும் என்று நகராட்சி கயிறு கட்டி அடைத்துவிட்டதால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் புல்லில்தான் நிற்கிறோம். வருகிற ஞாயிறு வெளியூரில் ஆட்டம். வேனில் ஆட்டக்காரர்களுக்கே இடம் பத்தாது. நானும் அவரும் எட்டு மணி பஸ்ஸில் போகிறோம்.