நாற்காலியைத் திருப்பிப் போட்டவர்

திண்டுக்கல்லில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் பத்துப் பேர் ஒரு மாடி அறையில் கூடி, படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். அந்த முறை ஒரு திகில் நாவல். புதுவீட்டுக்குக் குடிவந்த ஒருத்திக்கு மாடியில் யாரோ நடமாடும் சத்தம் கேட்கிறது. எல்லாம் அவள் மனப்பிரமை என்று கடைசியில் டாக்டர் சொல்லிவிடுகிறார். அருமையான முடிவு என்றேன் நான். பாதிப் பேர் ஏமாற்றுவேலை என்றார்கள். வாக்குவாதம் ஏறிக்கொண்டே போனது.

அன்று புதிதாக ஒரு அம்மா வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, வெளுத்த நீலச் சேலை. நாற்காலியைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டுத்தான் உட்கார்ந்தார். யார் படியேறி வந்தாலும் அவர் கை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தது.

"இம்புட்டு நேரமா பேசுறீங்க," என்றார் திடீரென்று. "அந்தப் புள்ள சொன்னதும் யாராச்சும் மாடிக்குப் போயிப் பாத்தாங்களா?"

அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினேன். புருஷன், தங்கை, டாக்டர், ஒருவரும் போகவில்லை. இரண்டு தடவை படித்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் பஸ் நிறுத்தம்வரை அவரோடு நடந்தேன்.

"உங்களுக்கு மட்டும் எப்படிம்மா அது தோணுச்சு?"

"நான் சொன்னப்பயும் ஒருத்தரும் ஏறிப் பாக்கல சார்," என்றவர் செம்பட்டி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மாடியில் யார் இருந்தது என்று கேட்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் வரவில்லை. அவர் பேரும் முகவரியும் எங்களில் யாருக்கும் தெரியாது. அந்த நாவலைப் பற்றி மற்றவர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். முடிவு அருமை என்று சொல்ல எனக்குத்தான் நாக்கு எழுவதில்லை.